எதற்கும் ‘ஆமாம்’ என்பவரின் வாக்குமூலம்: தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற ஊரில், அறிவு வளர்ச்சிக் குறைவோ மனநோயோ உள்ள மகனையோ தம்பியையோ மாமனையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். அவரைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது, குற்றத்தை ஒப்புக்கொண்டும் விட்டார் என்று செய்தி வந்தால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது, அந்த ஒப்புதலை நீதிமன்றத்தில் எப்படி எதிர்க்கலாம் என்பவற்றையெல்லாம் எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். நான் நீதிமன்றத்தில் தமிழ், மலாய் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன், வழக்கறிஞன் அல்லன். வழக்கறிஞர் வந்து சேரும்வரை குடும்பம் கைகட்டி நிற்காமல் இருக்கவும், வந்தபின் அவர் கையில் கொடுக்க ஏதாவது இருக்கவும் இது உதவும்.

முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். மாலைத் தேநீர் நேரத்தில் அவரிடம், “நேத்து கோயிலுக்குப் போனியா?” என்று கேளுங்கள். “ஆமா” என்பார். சற்று நேரம் கழித்து, அதே முகத்தோடு, “நேத்து நீ வீட்ட விட்டு எங்கயும் போகலதானே?” என்று கேளுங்கள். அதற்கும் “ஆமா” என்று வந்தால், அது பொய் என்று நினைத்துவிடாதீர்கள். கேள்வி அவருக்கு முழுவதும் எட்டவில்லை. உங்கள் குரலையும் முகத்தையும் பார்த்து, எந்தப் பதில் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும் என்று அவர் கணித்துக்கொண்டார். பள்ளியில் ஆசிரியர், வேலையில் மண்டோர் எனப்படும் மேற்பார்வையாளர், வீட்டில் மூத்தவர் என்று யார் அதட்டிக் கேட்டாலும் ‘ஆமாம்’ என்றால் விட்டுவிடுவார்கள் என்பது அவர் வாழ்நாள் முழுவதும் கற்ற பாடம். அந்தப் பாடத்தோடுதான் அவர் விசாரணை அறைக்குள் போகிறார்.

என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்டவரிடம் வழக்கறிஞரோ, அவரை அறிந்த ஒரு துணையாளோ இல்லாமல் வாங்கிய ஒப்புதலை அவருக்கு எதிராக நீதிமன்றம் ஏற்கவே கூடாது; துணையோடு வாங்கியதாக இருந்தாலும், வேறு சான்று எதுவும் இல்லாமல் அதை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது. நம் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. யாராவது மிரட்டினார்களா, ஆசை காட்டினார்களா, வாக்குறுதி கொடுத்தார்களா என்றுதான் அது கேட்கிறது. சொன்னவருக்குக் கேள்வி புரிந்ததா, சொன்னது நம்பத் தகுந்ததா என்று நேராகக் கேட்பதில்லை. கேட்கப்படாத அந்தக் கேள்வியை நீதிமன்றத்தின் முன் கொண்டுபோய் வைக்கும் வேலை குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

எந்த ஒப்புதல் உள்ளே வரும், எது வராது

“போலீசுல ஒத்துக்கிட்டான், இனிமே ஒண்ணும் பண்ண முடியாது” என்று ஊரில் சொல்வார்கள். பெரும்பாலான வழக்குகளில் அது தவறு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தொகுப்பின் 113ஆவது பிரிவு திருத்தப்பட்டு, 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபின், விசாரணையின்போது குற்றம் சாட்டப்பட்டவர் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சான்றாக அரசுத் தரப்பு வைக்க முடியாது. அதற்கு முன்னர், இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாத அதிகாரியிடம் தாமாக முன்வந்து சொன்னது செல்லும் என்று இருந்தது. ஆகவே செம்பனைப் பழம் திருடியதாகத் தண்டனைச் சட்டத்தொகுப்பின் 379ஆவது பிரிவில் வழக்குப் போட்டால், காவல் நிலையத்தில் எழுதிய தாள் ஒன்றே அவரைச் சிறைக்கு அனுப்பிவிடாது.

ஆனால் எல்லா வாசலும் அடைபட்டுவிடவில்லை. போதைப்பொருள் வழக்கில் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 37ஏ பிரிவு, இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவர்களும், பேச வேண்டிய கட்டாயம் இல்லை, பேசினால் அது சான்றாகலாம் என்ற எச்சரிக்கை வாசகத்தைச் சொல்லிவிட்டு வாங்கிய வாக்குமூலத்தை இன்றும் உள்ளே விடுகிறது. மாஜிஸ்திரேட்டின் நேர் முன்னிலையில் சொன்ன ஒப்புதலும் வரும். “மூட்டைய அங்கதான் ஒளிச்சு வெச்சேன்” என்று அவர் சொன்னதைக் கொண்டு பொருளைக் கண்டெடுத்தால், கண்டெடுக்கக் காரணமான அந்தத் தகவலைச் சாட்சியச் சட்டத்தின் 27ஆவது பிரிவு அனுமதிக்கிறது. மற்றவர் ஒளித்ததைத் தற்செயலாகப் பார்த்திருந்தவரும் அந்த இடத்தைக் காட்டக்கூடும் என்பதால், ‘ஒளிச்சேன்’ என்றாரா, ‘இருக்கு’ என்றாரா என்பதைத் துருவிக் கேட்கும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

தோட்டத்துக்காரர்கள் கவனிக்காமல் விடும் வாசல் இன்னொன்று உண்டு. உதிரிப் பழ மூட்டையோடு பிடிபட்டவரைத் தோட்டத்துக் காவலாளி முதலில் கொண்டுபோவது காவல் நிலையத்துக்கு அல்ல, தோட்ட ஆபீசுக்கு. அங்கே மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, மேனேஜர், கிராணி எனப்படும் எழுத்தர், மண்டோர் என்று மூவர் சுற்றி நின்று கேட்கிறார்கள். “நீதானே எடுத்த?” “ஆமா.” “போன வாரமும் நீதானே?” “ஆமா.” கிராணி ஒரு தாளில் மலாயில் மூன்று வரி எழுதுகிறார், மைப்பெட்டி வருகிறது, கட்டைவிரல் ஒற்றப்படுகிறது. அந்தத் தாள் போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் அல்ல என்பதால் 113ஆவது பிரிவின் தடை அதைத் தொடாது. அதிகாரத்தில் இருப்பவர் மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கிய ஒப்புதலைத் தள்ளும் சாட்சியச் சட்டத்தின் 24ஆவது பிரிவு மட்டுமே அதற்கு எதிராக நிற்கும்.

எனவே அவரை ஆபீசில் உட்காரவைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் உடனே அங்கே போய், மரியாதையோடு, பலர் காதில் விழும்படி, “ஐயா, அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஓகேயு (மாற்றுத் திறனாளி) கார்டு வெச்சிருக்கான், எதுலயும் கையெழுத்து வாங்காதீங்க, போலீசையே கூப்பிடுங்க” என்று சொல்லுங்கள். பெற்ற தாயே போலீசைக் கூப்பிடச் சொல்வது விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் அவர் சொல்லப்போகும் வார்த்தைக்கு ஆபீஸ் நாற்காலியில் இல்லாத சட்டப் பாதுகாப்பு காவல் நிலையத்தில் இருக்கிறது.

முன்கூட்டியே சேர்க்க வேண்டிய தாள்கள்

வழக்கு வந்தபின் தேடிக்கொள்ளலாம் என்று விட்டால், வழக்குக்காகவே நோய் கண்டுபிடித்தீர்கள் என்று அரசுத் தரப்பு கேட்கும்; கேட்டால் பதில் சொல்வது கடினம். சம்பவத்துக்கு முந்தைய தேதி உள்ள ஒரு தாள், பிந்தைய தேதி உள்ள பத்துத் தாள்களைவிட எடை உள்ளது.

முதல் தாள் சமூக நல இலாகா கொடுக்கும் மாற்றுத் திறனாளி அட்டை. 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின்கீழ்ப் பதியும்போது கற்றல் குறைபாடு, மனநலம் ஆகியவை தனித்தனிப் பிரிவுகள் என்பதை நினைவில் வையுங்கள். அட்டை எடுத்தால் மகளுக்கு வரன் வராது, ஊரில் பேர் கெட்டுவிடும் என்று ஒதுக்கிவைத்த வீடுகள் எனக்குத் தெரியும். ‘தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்’ என்று ஒருவரைக் கேலி செய்வது நம் பக்கத்துப் பேச்சில் ஊறிப்போனதுதான். 1911 முதல் அங்கே இயங்கும் மனநல மருத்துவமனையின் வருகைச் சீட்டை வீட்டில் அலமாரியின் அடியில் ஒளித்து வைப்பதும் அதனால்தான். அந்தச் சீட்டுதான் உங்கள் முதன்மைச் சான்று; ஒளித்து வைத்தது போதும், எடுத்து வெளியே வையுங்கள்.

அடுத்தது பள்ளிப் பதிவு. சிறப்புக் கல்வி வகுப்பில் படித்திருந்தாலோ, தமிழ்ப்பள்ளியில் வாசிக்க வராமலேயே ஆறாம் ஆண்டுவரை வந்திருந்தாலோ, அந்த அறிக்கை அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். அரசு கிளினிக் புத்தகம், மருந்துச் சீட்டு, எந்த வேளைக்கு எத்தனை மாத்திரை என்ற விவரம் ஆகியவற்றையும் சேருங்கள். இவற்றின் மேல், ஒரே பக்கத்தில், மலாயில் ஒரு கடிதம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர், அடையாள அட்டை எண், நோயின் பெயர், எந்த மொழி புரியும், எழுதப் படிக்கத் தெரியுமா, எதற்கும் ஆமாம் என்று சொல்லும் பழக்கம் உண்டு, வழக்கறிஞரும் குடும்பத்தாரும் இல்லாமல் கேள்வி கேட்க வேண்டாம், மருந்து தவறக் கூடாது ஆகியவை அதில் இருக்கட்டும். நான்கு நகல் எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.

முதல் இருபத்து நான்கு மணி நேரம்

கைதானவருக்குக் காரணம் சொல்லவும், அவர் விரும்பும் வழக்கறிஞரோடு கலந்து பேச அனுமதிக்கவும் வேண்டும் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தொகுப்பின் 28ஏ பிரிவு அதை விரித்து, கேள்வி கேட்கத் தொடங்கும் முன்பே உறவினரோடும் வழக்கறிஞரோடும் தொடர்புகொள்ளும் உரிமையைச் சொல்ல வேண்டும், அதற்காக நியாயமான நேரம் விசாரணையைத் தள்ளி வைக்க வேண்டும் என்கிறது. கூட்டாளி தப்பிவிடுவார், சான்று மறைந்துவிடும் என்பன போன்ற காரணங்களுக்காக மூத்த அதிகாரியின் அனுமதியோடு இதைத் தவிர்க்கவும் அதே பிரிவில் வழி உண்டு.

அந்தப் பிரிவு நன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கைதானவர் ‘எனக்கு வழக்கறிஞர் வேண்டும்’ என்று சொல்லத் தெரிந்தவர் என்று எண்ணி எழுதப்பட்டிருக்கிறது. “லாயர் வேணுமா, வேணாமா?” என்று கேட்டால் நம் வீட்டுப் பிள்ளை கடைசியாகக் காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்லும். துணையாளாக ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. ஆகவே கடிதத்தின் ஒரு நகலைக் காவல் நிலைய முகப்பில் கொடுத்து, இன்னொரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் நேரமும் வாங்குங்கள். வழக்கை விசாரிக்கும் அதிகாரியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். துணைக்கு உட்கார அனுமதி கேளுங்கள். மறுத்தால் சண்டை போடாமல், கேட்டதையும் மறுத்ததையும் மணி நேரத்தோடு குறித்து வையுங்கள். சில அதிகாரிகள் தாமாகவே அனுமதித்ததையும் பார்த்திருக்கிறேன். முத்திரை விழுந்த நகல் உங்கள் கையில் இருந்தால், அவர் நிலை எங்களுக்குத் தெரியாது என்று பின்னர் எவரும் சொல்ல முடியாது.

மருந்தை உறையோடும் மருத்துவச் சீட்டோடும் கொண்டுபோய்க் கொடுங்கள். மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர் இரண்டு மூன்று நாள் மாத்திரையும் தூக்கமும் இல்லாமல் லாக்கப்பில் கிடந்தால், மூன்றாம் நாள் அவர் சொல்வது யாருடைய குரல் என்று அவருக்கே தெரியாது. மனச்சோர்வு முற்றியவர்கள் செய்யாத பாவத்தையும் தம் தலையில் போட்டுக்கொள்வார்கள். அங்கே மிரட்டலே தேவைப்படாது.

நீங்கள் செய்யவே கூடாத ஒன்று உண்டு. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதுகொண்டே, “எடுத்தேன்னு சொல்லிடுயா, சார் விட்டுருவாரு” என்று தாய் சொல்வது வழக்கம். மகனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். சட்டத்தின் பார்வையில் இதில் ஒரு விபரீதமும் இருக்கிறது. 24ஆவது பிரிவின்படி, ஆசை காட்டுதல் ‘அதிகாரத்தில் இருப்பவரிடமிருந்து’ வந்திருந்தால்தான் ஒப்புதல் தள்ளப்படும். தாய் அதிகாரத்தில் இருப்பவர் அல்லர் என்பதால், அவர் சொல் மகனைப் பேசவைத்தாலும், அந்தப் பேச்சைத் தள்ளிவைக்கச் சட்டத்தில் காரணம் கிடைக்காமல் போகலாம்.

இருபத்து நான்கு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் ரிமாண்ட் உத்தரவு வேண்டும். பதினான்கு ஆண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனை உள்ள குற்றத்துக்கு முதலில் 4 நாள், பின்னர் 3 நாள் என்பதே உச்ச அளவு. பதினான்கு ஆண்டோ அதற்கு மேற்பட்டோ சிறைத்தண்டனையோ, மரண தண்டனையோ உள்ள குற்றத்துக்கு 7 நாளும் 7 நாளும். தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் ரிமாண்டிலேயே இலவசமாக வாதாடுவதால், காலையில் நீதிமன்றம் திறக்கும் முன்பே வாசலில் இருங்கள். கடிதத்தின் மூன்றாவது நகல் அங்கேதான் தேவைப்படும். கால அளவைக் குறைக்கவும், மருத்துவரிடம் காட்டவும் வழக்கறிஞர் அதைக் கொண்டுதான் கேட்பார்.

‘எடுத்தேன்’ என்ற ஒரு சொல்

ராக்காமான் பெர்சாக்காப்பான் என்று போலீசார் சொல்லும் வாக்குமூலப் பதிவுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தொகுப்பின் 112ஆவது பிரிவில் ஓர் ஒழுங்கு உண்டு. எழுதியதை அவர் பேசிய மொழியிலேயே அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். திருத்த வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அதன் பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். தமிழில் பேசி மலாயில் எழுதி, மலாயிலேயே வாசித்துக் காட்டி “பாஹாம்?” (புரிந்ததா?) என்று கேட்டால், “ஆமா” என்ற பதிலுக்கு எந்தப் பொருளும் இல்லை.

இதில் பிறரைக் குறை சொல்லும் முன் என் குறையைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்தில், வழக்குகள் குவிந்து கிடந்த ஒரு காலையில், குற்றம் சாட்டப்பட்ட இளைஞர் ஒருவர், “மரத்தடியில கெடந்துச்சு, எடுத்தேன்” என்றார். ‘அம்பில்’ என்று மொழிபெயர்த்திருக்க வேண்டிய நான், அவசரத்தில் ‘சூரி’ என்று சொல்லிவிட்டேன். எடுத்ததாக அவர் சொன்னது திருடியதாக என் வாயிலிருந்து வெளிவந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகி, அபராதம் கட்டி வீடு போனார்கள். பின்னர் நடைவழியில் அவருடைய அக்காள் என்னிடம், கோயில் வாசலில் உதிர்ந்து கிடக்கும் பூவைப் பொறுக்கினாலும் தம்பி ‘எடுத்தேன்’ என்றுதான் சொல்லுவான் என்றார். அப்போதே திரும்பிப் போய் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஆகவே அவர் அன்றாடம் பேசும் சொற்களில் இரு பொருள் தருபவற்றை உங்கள் கடிதத்திலேயே எழுதிவையுங்கள். ‘தெரியும்’ என்பது ‘பார்த்தேன்’ என்றும் ‘எனக்கு உடந்தை உண்டு’ என்றும் மாறும். ‘கூடதான் இருந்தேன்’ என்பதும் அப்படியே. இதை வழக்கறிஞருக்குச் சொல்ல உங்களைவிட வேறு ஆள் இல்லை.

நீதிமன்றத்தில் கேட்கும் முதல் கேள்வி

சிறு வழக்குகளில் இவர்களைச் சிறைக்கு அனுப்புவது பெரும்பாலும் போலீஸ் வாக்குமூலம் அல்ல; குற்றச்சாட்டை வாசித்தபின் கேட்கப்படும் ‘மெங்காக்கு சாலா’வா (குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா), ‘மிந்தா பிச்சாரா’வா (விசாரணை கேட்கிறாயா) என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பதில்தான். நாற்பது விநாடியில் முடிந்துபோகும் அந்தப் பதிலை எவரும் வாக்குமூலம் என்று அழைப்பதில்லை. ஆனால் அதைவிட வலிய ஒப்புதல் வேறில்லை, அதற்கு மேல் சான்று எதுவும் தேவைப்படாது என்பதால்.

இங்கே சட்டம் உங்கள் பக்கம் தெளிவாக நிற்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் தம் ஒப்புதலின் தன்மையையும் விளைவையும் புரிந்துகொண்டிருக்கிறார், எந்த நிபந்தனையும் இன்றி ஒப்புக்கொள்கிறார் என்று உறுதி செய்த பின்னரே அதைப் பதிய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தொகுப்பின் 173ஆவது பிரிவு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துகிறது. புரிந்ததா என்று கேட்டு ‘ஆமாம்’ வாங்குவது உறுதி செய்தல் ஆகாது. என்ன புரிந்தது என்று அவரையே சொல்லச் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் வந்து சேரவில்லை என்றால், மொழிபெயர்ப்பாளரிடமாவது முன்கூட்டியே போய் நிலையைச் சொல்லி, அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். குடும்பத்தார் அணுகிக் கேட்டபோது மாஜிஸ்திரேட் வழக்கைத் தள்ளிவைத்த நாள்கள் என் அனுபவத்தில் பல உண்டு.

அவருக்கு வழக்கே புரியாத நிலை என்றால், அதே சட்டத்தொகுப்பின் 342ஆவது பிரிவின்கீழ் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிக் கண்காணிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். தண்டனைச் சட்டத்தொகுப்பின் 84ஆவது பிரிவு வேறு. செயலைச் செய்த வேளையில் அதன் தன்மையை அறிய முடியாத மனநிலையில் இருந்தாரா என்பது அதன் கேள்வி. வாக்குமூலம் ஏற்கத்தக்கதா என்பது மூன்றாவது கேள்வி. மூன்றையும் குழப்பிக்கொண்டு, “பைத்தியம்னு சொல்லிட்டா வெளிய வந்துடலாம்” என்று அறிவுரை சொல்பவர்களை நம்பாதீர்கள். 84ஆவது பிரிவில் விடுதலையானவரை நடைமுறைச் சட்டத்தொகுப்பின் 348ஆவது பிரிவின்படி மாநில ஆட்சியாளரின் விருப்பம் தெரியும்வரை மருத்துவமனையில் வைக்கலாம். சில மாதத் தண்டனையோடு முடிந்துவிடக்கூடிய பழத் திருட்டுக்கு அது பல ஆண்டுக் காவலாக நீளக்கூடும்.

விசாரணைக்குள் விசாரணை

போதைப்பொருள் வழக்கில் எழுதிய வாக்குமூலமோ, தோட்ட ஆபீஸ் தாளோ நீதிமன்றத்துக்கு வரும்போது எதிர்ப்புத் தெரிவித்தால், அது ஏற்கத்தக்கதா என்பதை மட்டும் ஆராய நீதிபதி தனியாக ஒரு விசாரணை நடத்துவார். தாமாக முன்வந்து சொன்னார் என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியது அரசுத் தரப்பு. நிறுவத் தவறினால் தாள் வெளியே போய்விடும். அங்கே வழக்கறிஞரின் கையில் உள்ள சிறந்த ஆயுதம் 24ஆவது பிரிவிலேயே ஒளிந்திருக்கிறது. ஒப்புக்கொண்டால் நன்மை வரும் அல்லது தீமை விலகும் என்று எண்ணுவதற்கு, ‘அவருக்கு’ நியாயமாகத் தோன்றக்கூடிய காரணம் இருந்ததா என்று அது கேட்கிறது. படித்த வழக்கறிஞருக்கோ எனக்கோ உங்களுக்கோ அல்ல, அவருக்கு. “சொல்லிட்டா வீட்டுக்குப் போகலாம்” என்ற பேச்சு சராசரி ஆளிடம் வெறும் பேச்சு. எட்டு வயதுப் பிள்ளையின் அறிவுள்ள இருபத்தாறு வயதுக்காரரிடம் அது கையில் கொடுத்த பேருந்துச் சீட்டு.

இந்த ஒரு சொல்லைத் தாங்கிப் பிடிக்கத்தான் இவ்வளவு தாள்களும். சாட்சியச் சட்டத்தின் 45ஆவது பிரிவின்கீழ் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நிபுணராக அழைக்கலாம். அவரிடம் ‘இவருக்கு நோய் உண்டா’ என்று மட்டும் கேட்டு விட்டுவிடாமல், பிறர் சொல்லுக்கு எளிதில் இணங்குவாரா, எச்சரிக்கை வாசகத்தைப் புரிந்து தம் வார்த்தையில் திருப்பிச் சொல்ல முடியுமா, மருந்து தவறினால் என்ன ஆகும் என்று வழக்கறிஞர் கேட்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் 29ஆவது பிரிவு நிற்கும். ஏமாற்றிக் கேட்டதாலோ, குடிபோதையில் சொன்னதாலோ, எச்சரிக்காததாலோ மட்டும் ஒப்புதல் தள்ளப்படாது என்பது அதன் சாரம். போதைப்பொருள் வழக்கில் எச்சரிக்கை கட்டாயம் என்பதால் அங்கே இதன் கூர் சற்று மழுங்கும்.

வேறு நாடுகள் இந்தக் கேள்வியை எப்படிக் கற்றுக்கொண்டன என்பதையும் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லலாம். இலண்டனில் 1972ஆம் ஆண்டு நடந்த மேக்ஸ்வெல் கான்ஃபெயிட் கொலை வழக்கில் மூன்று இளைஞர்கள் ஒப்புதலை வைத்தே தண்டிக்கப்பட்டார்கள். அவர்களுள் பதினெட்டு வயதான ஒருவரின் மன வயது எட்டு. 1975இல் தண்டனைகள் தள்ளுபடியாயின. அதைத் தொடர்ந்த ஆய்வுகளின் பயனாக வந்ததுதான் இங்கிலாந்தின் 1984ஆம் ஆண்டு போலீஸ், குற்றவியல் சான்றுச் சட்டம். அதன் 76ஆவது பிரிவு, கொடுமை மட்டுமின்றி, நம்பகத்தன்மையைக் கெடுக்கக்கூடிய எதைச் சொல்லியோ செய்தோ வாங்கிய ஒப்புதலையும் தள்ளச் சொல்கிறது. அறிவுக் குறைபாடு உள்ளவரின் ஒப்புதல் தனித் துணையாள் இன்றி வாங்கப்பட்டிருந்தால் தனி எச்சரிக்கை தேவை என்கிறது 77ஆவது பிரிவு.

அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் ஏர்ல் வாஷிங்டன், நுண்ணறிவு ஈவு 69 உள்ளவர், ஒரு கொலையை ஒப்புக்கொண்டார். கொல்லப்பட்டவர் கறுப்பினத்தவர் என்று சொன்னார். உண்மையில் அவர் வெள்ளையர். அதிகாரி மறுபடி கேட்டதும் பதிலை மாற்றிக்கொண்டார். 1984இல் மரண தண்டனை பெற்று, நிறைவேற்ற ஒன்பது நாளே இருந்த நிலையில் தப்பி, மரபணுச் சோதனைக்குப்பின் 2000ஆம் ஆண்டு மன்னிப்புப் பெற்றார். நம் ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கத்துக்கும் அதே 69தான். 2009இல் போதைப்பொருளோடு கைதாகி, 2022 ஏப்ரல் 27 அன்று சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். அவர் மனப்பொறுப்பு பெரிதும் குறைந்திருந்தது என்ற வாதத்தை அந்நாட்டு நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. மனக்குறைபாடு உள்ளவர்களைப் போலீஸ் விசாரிக்கும்போது பயிற்சி பெற்ற துணையாள் ஒருவரை உட்காரவைக்கும் திட்டம் சிங்கப்பூரில் பரவலானது 2015ஆம் ஆண்டளவில். அவர் பிடிபட்டபோது அது இல்லை.

எதிர்வாதமும் வலுவில்லாதது அல்ல. குறைபாடு உள்ளவர் சொல்வதையெல்லாம் தள்ளினால், உண்மையில் குற்றம் செய்தவரும் தப்புவார், பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைக்காது என்பார்கள். மாற்றுத் திறனாளியின் சொல்லுக்கே மதிப்பில்லை என்று சொல்வதாக அது முடியும் என்றும் சிலர் வருந்துவார்கள். இரண்டாவது வாதம் என்னை நீண்ட நாள் யோசிக்கவைத்தது. ஆனால் நாம் தள்ளச் சொல்வது அவர் சொல்லை அல்ல, தனியறையில் துணையின்றிப் பிறர் அவர் வாயில் வைத்த சொல்லை. மலேசியா 2010இல் ஏற்ற மாற்றுத் திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 13ஆவது விதியும், புலனாய்வுக் கட்டத்திலிருந்தே அவர்கள் முறையாகப் பங்கேற்க வசதி செய்ய வேண்டும் என்றுதான் சொல்கிறது.

தீர்ப்பு வந்தபின்

குற்றவாளி என்று தீர்ப்பானால் மேல்முறையீட்டு அறிவிப்பைப் பதினான்கு நாளுக்குள் கொடுக்க வேண்டும். அறிவிப்பை எழுதித் தர வழக்கறிஞரையோ நீதிமன்ற அலுவலகத்தையோ அன்றே அணுகுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதால் தண்டனை வந்திருந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தொகுப்பின் 305ஆவது பிரிவின்படி தண்டனையின் அளவையும் அதன் சட்டப்பொருத்தத்தையும் பற்றி மட்டுமே முறையிட முடியும். புரியாமல் ஒப்புக்கொண்டார் என்பதை எழுப்ப, உயர் நீதிமன்றத்தின் மறுஆய்வு அதிகாரத்தை 323ஆவது பிரிவின்கீழ் நாட வேண்டும். விண்ணப்பத்தோடு மருத்துவ அறிக்கை, பள்ளிப் பதிவு, முத்திரை விழுந்த கடித நகல், அன்று நீதிமன்றத்தில் யார் மொழிபெயர்த்தார், என்ன கேட்டார்கள், அவர் என்ன சொன்னார் என்று உடன் இருந்தவர் எழுதிய குறிப்பு ஆகியவற்றை இணையுங்கள். அந்தக் குறிப்பை அன்று மாலையே எழுதிவிட வேண்டும். மறுநாள் எழுதினால், அவர் சொன்னது ‘எடுத்தேன்’ என்பதா, ‘திருடினேன்’ என்பதா என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.